உங்களுக்குத் தெரியுமா? கத்திரி வெயிலுக்கு ஒரு ஜாக்கெட்!

சென்னையில் விடியற்காலையில் கிளம்பி, சிதம்பரம், சீர்காழி தாண்டி, திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், வேளாங்கண்ணி என்று கடலோரமாகவே பைக்கில் இறங்கும் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. தலையில் நல்ல ஹெல்மெட் இருக்கும். உடம்பில் வெறும் டி-ஷர்ட். கேட்டால், "இந்தப் புழுக்கத்துல ஜாக்கெட்டா சார்? வெந்துடுவோம்" என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால், வேகாமலும் விழுந்தால் தோல் உரியாமலும் இருக்க வழி இருக்கிறது. உலகத்திலேயே கெட்டியான ஜாக்கெட்டைத் தேடாமல், மே மாதத்திலும் கழற்றத் தோன்றாத ஜாக்கெட்டைத் தேட வேண்டும். அதற்கு உதவும் சில சங்கதிகள் இங்கே.

விழுந்தால் என்ன ஆகும்?

★ பைக்கிலிருந்து பக்கவாட்டில் சாயும்போது தோளோ முழங்கையோ தரையில் மோதும் வேகத்தை முடிவு செய்வது ஸ்பீடோமீட்டர் அல்ல, நீங்கள் உட்கார்ந்திருக்கும் உயரம். சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். வண்டி 30-ல் போனாலும் 80-ல் போனாலும் இந்த முதல் அடி ஒன்றுதான். வேகம் கூடினால் கூடுவது, அதற்குப் பிறகு தேய்ந்துகொண்டே போகும் தூரம். எதிரே மரமோ லாரியோ இருந்தால் கதை வேறு. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று கிளம்பும் ஸ்கூட்டர்காரருக்கும் தோளில், முழங்கையில் அடி தாங்கும் பட்டை தேவைப்படுவது இதனால்தான்.

★ 60 கி.மீ. வேகத்தில் விழுந்து உலர்ந்த தார்ச்சாலையில் சறுக்கினால், நிற்பதற்குள் ஏறக்குறைய மூன்று நொடியும் 20 மீட்டருக்கு மேலும் ஆகிவிடும். சாதாரண ஜீன்ஸ் துணி, தேய்மானச் சோதனை இயந்திரத்தில் ஒரு நொடிகூடத் தாங்குவதில்லை. மீதி இரண்டு நொடிக்குத் தேய்வது நாம்தான்.

★ காவிரி டெல்டாவுக்கென்றே ஒரு விபத்து உண்டு. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப் பயறும் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும். கோடை தொடங்கும்போது செடியைப் பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோகாமல், சாலையிலேயே பரப்பிவிடுவது பல ஊர்களில் வழக்கம். போகிற வருகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். காருக்கும் பஸ்ஸுக்கும் ஒன்றுமில்லை. இரண்டு சக்கரக்காரருக்கோ, மேலே காய்ந்த செடி, அடியில் உருளும் மணி. பிரேக்கைத் தொட்டாலே முன்சக்கரம் நழுவும். மாசி, பங்குனியில் செம்பனார்கோயில், ஆக்கூர் பக்கம் வருகிறவர்கள் தூரத்தில் சாலை நிறம் மாறித் தெரிந்தால், அங்கேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. பரப்பின் மேல் ஏறிய பிறகு பிரேக்கும் கூடாது, ஹேண்டிலைத் திருப்பவும் கூடாது. இந்த மாதிரி நழுவலில் அடிபடுவது உள்ளங்கை, முழங்கை, இடுப்பு, முட்டி. ஜாக்கெட் தேர்வும் அதை நினைத்தே இருக்க வேண்டும்.

★ 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அதாவது, நூற்றுக்கு 44-க்கும் மேல். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள்.

★ ஆஸ்திரேலியாவின் கான்பெரா வட்டாரத்தில் விபத்தில் சிக்கிய 212 பைக் ஓட்டிகளை லிஸ் டி ரோம் என்ற ஆய்வாளரின் குழு விசாரித்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டது. பைக்குக்கென்றே தைத்த ஜாக்கெட் போட்டிருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்த வாய்ப்பு 21 சதவீதம் குறைவு. பேன்ட் போட்டவர்களுக்கு 51 சதவீதம் குறைவு. கிளவுஸ் போட்டவர்களுக்கு? 59 சதவீதம்! ஆகவே, பட்ஜெட் முழுவதையும் ஜாக்கெட்டிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு ஓட்டுவதில் அர்த்தமில்லை. விழும்போது எல்லோரும் முதலில் ஊன்றுவது கையைத்தான்.

★ அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி: விபத்தின்போது அணிந்திருந்த ஜாக்கெட்டுகளில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கிழிந்தோ தேய்ந்தோ தோற்றுப்போயின. பைக் ஜாக்கெட் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மேலும், ஜாக்கெட் காப்பாற்றுவது பெரும்பாலும் தோலையும் சதையையும்தான். எலும்பு முறிவு குறைந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை. ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம் என்ற தைரியத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

வெயிலும் வேர்வையும்

★ நம் தோலின் வெப்பம் சுமார் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வேகமாகப் போனால் உடம்பு குளிரும். காற்றே 38, 40 டிகிரிக்கு ஏறிவிட்டால் கணக்கு தலைகீழ். வீசுகிற ஒவ்வொரு காற்றும் உடம்புக்குள் சூட்டை ஏற்றும், வேர்வையையும் வந்த வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போகும். சித்திரை மத்தியானத்தில் தஞ்சாவூர், திருச்சி சாலையில் அரைக்கைச் சட்டையோடு போகிறவருக்கு நாக்கு வறண்டு தலை கிறுகிறுப்பது இதனால்தான். அரேபியப் பாலைவனத்து மக்கள் உடம்பு முழுவதும் மூடிக்கொண்டு நடப்பதிலும் இந்த நியாயம் இருக்கிறது.

★ ஒரு லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக வடிந்தால் பலன் பூஜ்யம். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், வேர்வை காய்வதற்கு இடமில்லை. அதுதான் நாம் சொல்லும் புழுக்கம். தெர்மாமீட்டரில் திருச்சியைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டினாலும், தரங்கம்பாடி கடற்கரையில் உடம்பு அதிகமாக அவதிப்படுவது இப்படித்தான்.

★ இந்திய வானிலைத் துறையும் இந்த வேற்றுமையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிப்பதைப் பற்றி யோசிக்கவே 40 டிகிரியைத் தொட வேண்டும். கடலோர ஊர்களுக்கு 37 டிகிரி போதும். ஆனால், அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது.

★ பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதன்மேல் வலைத்துணி ஜாக்கெட்டை மாட்டிக்கொள்வது நெடும்பயணக்காரர்களின் பழைய உத்தி. உலர்ந்த காற்று வீசும் திருச்சி, கரூர் சாலையில் இது ஏசி மாதிரி வேலை செய்யும், பனியன் சீக்கிரம் காய்ந்தும்விடும். திருக்கடையூரை நெருங்க நெருங்க, கடற்காற்று உள்ளே வந்த பிறகு, அதே பனியன் காயாமல் ஒட்டிக்கொண்டு கசகசக்கும். உள்நாட்டுக்கு நனைத்த பனியன், கடலோரத்துக்கு உலர்ந்த மெல்லிய பனியன் என்று வைத்துக்கொள்ளலாம்.

★ வலைத்துணி ஜாக்கெட்டை நம்மவர்கள் 'மெஷ்' என்கிறார்கள். ஓடும்போதுதான் அதற்கு உயிர். ரயில்வே கேட்டில் நிற்கும்போதும், கும்பகோணம் கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போதும் அதுவும் மற்ற ஜாக்கெட் மாதிரிதான் வேகும். எனவே கழுத்து ஜிப்பை அரை அடி இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்து, காற்று நெஞ்சில் நுழைந்து முதுகு வழியாக வெளியேறுகிறதா என்று கவனியுங்கள். நுழைய வழி வைத்து, வெளியேற வழி வைக்காத ஜாக்கெட் பலூனாக உப்பிக்கொள்ளும், குளிராது. முதுகில் தொங்கும் பெரிய பையும் அந்த வெளியேறும் வழியை அடைத்துவிடும். பையை வண்டியின் பின்னால் கட்டிவிட்டாலே பாதிப் புழுக்கம் குறையும்.

★ கறுப்பு ஜாக்கெட் அழுக்குத் தெரியாது, எல்லாச் சட்டைக்கும் பொருந்தும், கடையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். ஆனால், வெயிலில் நிறுத்திய கறுப்புக் காரையும் வெள்ளைக் காரையும் தொட்டுப் பார்த்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. வெளிர் சாம்பல், மணல் நிறம், வெள்ளை ஆகியவை கோடைக்கு உகந்தவை.

★ தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். மணிக்கு ஒரு தரம் வண்டியை நிழலில் நிறுத்தி ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு, உப்புப் போட்ட நீர்மோர் குடித்தால் போன தண்ணீரும் உப்பும் சேர்ந்தே திரும்பும். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்று ஏதாவது தெரிந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு நிற்கட்டும். வேர்வை நின்று பேச்சுக் குழறினால் அது ஆஸ்பத்திரிக் கேஸ், 108-ஐ அழையுங்கள்.

துணியும் தோலும்

★ ஜாக்கெட் லேபிளில் '600 டீ' என்று போட்டிருக்கிறதே, என்ன அது? டீ என்றால் டெனியர். 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 600 டெனியர் நூல் 9,000 மீட்டருக்கு 600 கிராம் இருக்கும். எண் கூடினால் நூல் தடிமன், அவ்வளவுதான். தேய்மானத்தை அது மட்டும் முடிவு செய்யாது. 600 டெனியர் பாலியஸ்டரைவிட 500 டெனியர் நல்ல நைலான் அதிகம் உழைக்கலாம். எண்ணைப் பார்த்துவிட்டு நூல் எது என்று கேட்காமல் வரக் கூடாது.

★ 'கார்டுரா' என்ற பெயர் கேட்டிருப்பீர்கள். 1929-ல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் கொண்டுவந்தபோது அது ரேயான் நூல். நைலானாக மாறியதெல்லாம் பிற்பாடு. இன்று பைக் ஜாக்கெட்டின் தோளிலும் முழங்கையிலும் அதிகம் பேசப்படும் துணி அது.

★ பாலியஸ்டர் சுமார் 260 டிகிரியிலும், நைலானில் ஒரு வகை 220-லும் இன்னொரு வகை 265 டிகிரியிலும் உருகும். வேகமாகச் சறுக்கும்போது உராய்வுச் சூடு இந்த அளவைத் தொட்டுவிடும். கிரிக்கெட் ஜெர்ஸி மாதிரியான மெல்லிய பாலியஸ்டர் சட்டையோடு மட்டும் ஓட்டி விழுந்தால், கிழிவதோடு நிற்காமல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது, ஆனால் உடனே கிழிந்துபோகும். இரண்டையும் நம்பி ஓட்ட முடியாது.

★ குண்டு துளைக்காத உடுப்புகளில் இருக்கும் கெவ்லர் நூலை 1965-ல் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் வேதியியலாளர். சில பைக் ஜீன்ஸிலும் ஜாக்கெட்டிலும் உள் அடுக்காக அது வருகிறது. அதற்கு ஒரு பலவீனம்: சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் வலு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் அதை எப்போதும் உள்ளே மறைத்துத் தைக்கிறார்கள். உள்புறத்தைத் திருப்பி மொட்டை மாடிக் கொடியில் காயப்போடுகிறவர்கள் கவனிக்க.

★ தோல் ஜாக்கெட்டுக்குத் தமிழ்நாடு வெளியே தேட வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முழுக்கத் தோல் பதனிடும் ஊர்கள். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து இயங்குகிறது. தேய்மானத்தில் நல்ல மாட்டுத் தோலை வெல்வது இன்னமும் கஷ்டம். ஆனால், டெல்டாவின் ஈரக்காற்றில் வேர்வை உப்பு ஊறிய தோலை ஒரு மழைக்காலம் அலமாரியில் பூட்டி வைத்தால், வெளியே எடுக்கும்போது பூஞ்சை பூத்திருக்கும். தோல்தான் வேண்டும் என்பவர்கள் நெஞ்சிலும் கையிலும் ஊசித் துளை போட்டதாக வாங்கி, காற்றாடத் தொங்கவிட வேண்டும்.

★ ஜிப் வைத்த முதல் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் 1928-ல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் தைத்தது. விலை ஐந்தரை டாலர். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரையே அதற்கு வைத்தார்: 'பெர்ஃபெக்டோ'. 1953-ல் மார்லன் பிராண்டோ சினிமாவில் மாட்டிக்கொண்டு வந்ததும் உலகம் முழுக்க அது இளைஞர்களின் சின்னமாகிவிட்டது. நியூயார்க் குளிருக்குத் தைத்த அந்தத் தோற்றத்தைத்தான், தோள்பட்டையில் ஒரு பட்டைகூட இல்லாமல், இன்றும் 'பைக்கர் ஜாக்கெட்' என்று நம் ஊர்த் துணிக்கடைகளில் விற்கிறார்கள். அது போட்டோவுக்கு.

★ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்தில், சென்னை வெயிலிலும் ஓட்டுகிறவர்கள் தலை முதல் கால் வரை தோல் உடுப்பில்தான் இறங்குவார்கள். அங்கே அது விதி, ஓட்டமும் சில சுற்றுகளில் முடிந்துவிடும். நாலு மணி நேரம் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அதே உடுப்பைச் சிபாரிசு செய்வது பொருந்தாது. உலக மோட்டோஜிபி பந்தயத்தில் 2018 முதல் உடுப்புக்குள் ஏர்பேக்கும் கட்டாயம்.

லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஜெயம்

★ ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஜாக்கெட் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அதனால் இந்தியக் கடைகளிலும் நல்ல ஜாக்கெட்டை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் ஐரோப்பியத் தர எண்தான். அதன் பெயர் ஈஎன் 17092.

★ அந்தத் தரத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று மூன்று முக்கிய வகுப்புகள். தோள், முழங்கை போன்ற முதலில் தேயும் இடங்களில், ஏ வகுப்பு ஏறக்குறைய 45 கி.மீ. வேகச் சறுக்கலுக்கும், ஏஏ வகுப்பு 70-க்கும், ஏஏஏ வகுப்பு 120-க்கும் ஈடான தேய்மானத்தைத் தாங்க வேண்டும். ஏஏஏ பெரும்பாலும் தோலாகவே இருக்கும். காற்றோட்டமான மெஷ் ஜாக்கெட்டுகளில் பல ஏ வகுப்பு. தேடினால் ஏஏ வகுப்பு மெஷ்ஷும் கிடைக்கிறது. 60, 70-க்கு மேல் போகாத டெல்டா உள்சாலைகளுக்கும் நடுநடுவே நெடுஞ்சாலைக்கும் சேர்த்து வாங்குகிறவர் குறி வைக்க வேண்டியது இந்த ஏஏ மெஷ்.

★ பி என்று போட்டிருந்தால் துணி மட்டும், பட்டை கிடையாது. சி என்றால் பட்டை மட்டும், துணி தேய்மானத்தைத் தாங்காது. உள்ளே மாட்டும் வலைச் சட்டை மாதிரியானவை சி வகுப்பு. அதை மட்டும் போட்டு ஓட்டுவது பாதி வேலை.

★ பட்டைக்குத் தனித் தரம்: ஈஎன் 1621. தோள், முழங்கைப் பட்டையின் மேல் 50 ஜூல் ஆற்றலோடு ஒரு எடையை இறக்குவார்கள். ஐந்து கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவோ, அவ்வளவு. மறுபக்கம் வந்து சேரும் விசை சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. 20-க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுப் பட்டைக்குக் கண்டிப்பு கூடுதல்: 18-க்குள் என்றால் லெவல் 1, ஒன்பதுக்குள் என்றால் லெவல் 2.

★ ஜாக்கெட்டின் உள்பையைத் திறந்து பட்டையை வெளியே எடுங்கள். ஓரத்தில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள்காரர் படம் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் எஸ் என்ற எழுத்து இருந்தால் தோளுக்கு, ஈ என்றால் முழங்கைக்கு, கே என்றால் முட்டிக்கு, எச் என்றால் இடுப்புக்கு. ஏ அல்லது பி என்பது பட்டையின் அளவு. கூடவே 1 அல்லது 2. படமும் எண்ணும் இல்லாத பட்டை வெறும் பஞ்சு. பல ஜாக்கெட்டுகளில் தோளிலும் முழங்கையிலும் அசல் பட்டையை வைத்துவிட்டு, முதுகில் மட்டும் சாதா ஸ்பாஞ்சைச் சொருகியிருப்பார்கள். விரலால் அழுத்தினால் அடி தட்டும். அந்த இடத்துக்கு லெவல் 2 முதுகுப் பட்டையைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

★ நம் ஊருக்கு மிக முக்கியமான எழுத்து ஒன்று இருக்கிறது, கடைக்காரர்கள்கூடச் சொல்வதில்லை. 'டி' போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறி. அந்தப் பட்டையை 40 டிகிரி சூட்டில் வைத்தும் சோதித்துத் தேறியிருக்கிறது என்று பொருள். கழித்தல் குறி என்றால் மைனஸ் 10 டிகிரி குளிரில். சில மென்பட்டைகள் சூட்டில் இன்னும் இளகி, அடியை உள்ளே விட்டுவிடும். கழித்தல் குறி லடாக் போகிறவருக்கு உதவும். கத்திரியில் காரைக்கால் போகிறவருக்குக் கூட்டல் குறிதான் வேண்டும்.

★ கையில் பிசைந்தால் குழையும் பட்டை எப்படி அடியைத் தாங்குகிறது? சோளமாவைக் கெட்டியாகத் தண்ணீரில் கரைத்து விரலை மெல்ல விட்டால் உள்ளே போகும், ஓங்கிக் குத்தினால் கல்லாக எதிர்க்கும். அதே குணம்தான். 1999-ல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பாமர் தொடங்கிய 'டி3ஓ' இந்த வகையில் பிரபலமானது. ஓட்டும்போது உடம்போடு வளையும், மோதும் கணத்தில் இறுகும்.

★ பாதுகாப்பும் காற்றோட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி என்பது பொதுவான எண்ணம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018-ல் தொடங்கிய 'மோட்டோகேப்' திட்டம் கடையிலிருந்தே ஜாக்கெட்டுகளை வாங்கிச் சோதித்து, பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம், காற்றோட்டத்துக்குத் தனி நட்சத்திரம் என்று இலவசமாக வெளியிடுகிறது. வெப்ப நாட்டுக்காரர்கள் செய்த சோதனை என்பதால் நமக்கும் பொருந்தும். அதைப் புரட்டினால் ஒரு விஷயம் புரியும்: விலை கூடினால் நட்சத்திரம் கூடும் என்ற உத்தரவாதம் கிடையாது.

★ மெஷ் ஜாக்கெட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது ஓட்டை எவ்வளவு என்பதைவிட முக்கியம். நெஞ்சிலும் உள்கையிலும் விலாவிலும் வலை இருக்கலாம். தோளின் வெளிப்புறம், முழங்கை, முன்கையின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் நெருக்கமாக நெய்த கெட்டித் துணி இருந்தே ஆக வேண்டும். முழுக்க வலையாகவே இருந்தால் விலை எவ்வளவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பின்னால் உட்காருகிறவருக்கும்...

★ அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று திருக்கடையூர் அபிராமி சன்னதியில் தினம் தினம் மாலை மாற்றுகிறார்கள். அந்த முகூர்த்தத்துக்குப் பட்டுப் புடவையோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருகிற உறவுக்காரர்களும் உண்டு. பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. நாம் 'சேலை கார்டு' என்கிறோம். அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தனக்கு மட்டும் ஜாக்கெட் வாங்குகிறவர் கணக்கில் தப்பு இருக்கிறது. துப்பட்டாவையும் முந்தானையையும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டுக்குள் செருகிவிட்டால் அந்தப் பயமும் பாதி தீர்ந்தது.

★ ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பின்னால் ஏற்றினால், ஓட்டுகிறவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். 2022-ல் அறிவித்து 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்த விதி இது.

★ நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், பளிச்சென்ற ஒளிர்நிற அல்லது ஒளியைத் திருப்பும் உடை போட்டவர்களுக்கு விபத்துக் காய ஆபத்து 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டைவிட வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் குறைவு. டெல்டாவில் இதிலும் ஒரு நுணுக்கம். குறுவையும் சம்பாவும் பச்சைப் பசேலென்று நிற்கும் மாதங்களில், எலுமிச்சை மஞ்சள் நிறம் பின்னணியோடு கலந்துவிடும், ஆரஞ்சு எடுப்பாகத் தெரியும். எதிரே வருகிறவர் கண்ணில் படுவதும் பாதுகாப்புதான், அதற்குக் கூடுதல் வெப்பமும் கிடையாது.

★ பல ஜாக்கெட்டுகளோடு மழைக்கும் குளிருக்கும் உள்ளே மாட்டும் லைனர்கள் இலவசமாக வரும். மழை லைனர் உள்ளே இருந்தால் வெளித்துணி முழுக்க நனைந்து கனத்து, உள்ளே வேர்வையும் சேர்ந்து நீராவிக் குளியலாகிவிடும். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஜாக்கெட்டின் மேலே மாட்டும் மழைக்கோட்டுதான் சரி. லைனரைக் காட்டி விலையை ஏற்றினால் ஏமாற வேண்டாம்.

★ வேர்வை உப்பு நூலையும் ஜிப்பையும் தின்னும். கோடையில் மாதம் ஒரு முறையாவது பட்டைகளை எடுத்துவிட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். பட்டையைத் துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல் டேங்கின் மேல் வெயிலில் போட்டு வைப்பதைத் தவிருங்கள். ஒரு முறை பலமாக அடி வாங்கிய பட்டை பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

★ தமிழ்நாட்டில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் அரசே சிகிச்சைச் செலவை ஏற்கும். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் அது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை.

★ கடையில் செலவழிக்க வேண்டியது பத்து நிமிஷம். ஜாக்கெட்டை மாட்டி, எல்லா ஜிப்பையும் பூட்டி, கடைக்கு வெளியே நிற்கும் உங்கள் வண்டியிலேயே ஏறி உட்காருங்கள். கையை நீட்டி ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கைப் பட்டை முழங்கையிலேயே நிற்க வேண்டும், முன்கைக்கு நழுவக் கூடாது. நண்பரிடம் சொல்லி மணிக்கட்டைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே இழுக்கச் சொல்லுங்கள், முழங்கை வரை ஏறினால் அந்த அளவு உங்களுக்கில்லை. குனிந்தால் இடுப்பு தெரியக் கூடாது. உள்ளே திருப்பித் தோள் தையல் இரட்டையா என்று பாருங்கள். துணியின் வகுப்பு, பட்டையின் லெவல், கூட்டல் குறி மூன்றையும் லேபிளில் படியுங்கள். கடைசியாக, கடையின் ஏசியை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிஷம் வெயிலில் நில்லுங்கள். அப்போதும் கழற்றத் தோன்றாவிட்டால், பில் போடச் சொல்லலாம். மிச்சப் பணத்தில் கிளவுஸ்!